மளிகைப் பட்டியலும் டைம்டேபிளும்

மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், டீத் தம்ளரைக் கையில் வாங்கியதும் ஒரு கேள்வி கேட்பார்கள். "டைம்டேபிள் போட்டாச்சா?" பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்தவர்கள், அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். "இன்னும் இல்லை" என்றால் முகத்தில் லேசாகக் கவலை தெரியும். "போடுவதே இல்லை" என்றால் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் உட்காரச் சொல்லி, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றி, நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்கிறேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

வருடம் முழுவதற்கும் திட்டம் உண்டு. ஒரு 40 பக்க நோட்டில் இருக்கிறது. டைம்டேபிள்தான் இல்லை. இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான், வீட்டுக்கல்விக்குள் காலெடுத்து வைக்கும் எல்லாரும் முதலில் இடறுகிற படி. நானும் அதில் நன்றாகவே இடறினேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பெரியவளுக்கு 6 வயது. ஒரு முழு சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். 9 மணிக்குத் தமிழ், 9.40க்குக் கணக்கு, 10.20க்கு இங்கிலீஷ், அப்புறம் 10 நிமிடம் இடைவேளை. பூஜை அலமாரியிலிருந்து மணியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். குணமாகி உட்கார்ந்தபோது நான்கு நாள் பாடம் பாக்கி. அதைச் சேர்த்து முடிக்கப் பார்த்ததில் அந்த வாரத்துப் பாடமும் பாக்கி. மாதக் கடைசியில் அது கந்துவட்டிக் கடன் மாதிரி ஏறி நின்றது. எனக்கு எரிச்சல், அவளுக்கு அழுகை. சார்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சார்ட் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

அதற்காகப் பள்ளிக்கூடத்து டைம்டேபிளை மட்டமாகப் பேச வேண்டாம். அது எதற்காக இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் நான்கைந்து வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு மைதானத்தை எல்லா வகுப்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யார், எப்போது, எந்த அறையில் என்று எழுதி வைக்காவிட்டால் இரண்டு டீச்சர் ஒரே வகுப்பு வாசலில் முட்டிக்கொள்வார்கள். டவுன் பஸ்ஸுக்கு நேரப் பலகை இருப்பதுபோலத்தான். பஸ் பொதுச் சொத்து, ஐம்பது பேர் ஏற வேண்டும், அதனால் 9.10 என்றால் 9.10. சொந்தமாக சைக்கிள் வைத்திருப்பவர் 9.10க்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஒன்று, அவருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த வழி.

இப்போது நேரத்தின் கணக்கைப் பார்ப்போம், பயம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வருடத்துக்கு 200 வேலை நாள், 800 பாட மணி நேரம் என்று வைத்திருக்கிறது. 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி. நாளுக்கு நான்கு, நாலரை மணி நேரம். "வீட்டில் அத்தனை நேரம் யார் உட்கார்ந்து சொல்லித் தருவது?" என்று உடனே மலைப்பு வரும். அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் சொல்கிறது. 40 நிமிடப் பீரியடை 30 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 80 வினாடி. வருகைப் பதிவும், "டீச்சர், இவன் கிள்ளுறான்" பஞ்சாயத்தும் அதற்குள்ளேதான். மற்றவர்களைப் பார்த்தும் கேட்டும் பிள்ளை கற்றுக்கொள்கிறது என்பதும் உண்மை. அந்தக் கூட்டம் நம் வீட்டில் இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் எங்கே தடுக்கிறாள் என்று பார்த்துச் சொல்லித்தரும் 20 நிமிடம், அந்த 80 வினாடியோடு ஒப்பிட்டால் மிக நீண்ட நேரம்.

10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம், 7 வயதுக்கு ஒரு மணி நேரம். எங்கள் வீட்டு அளவு இவ்வளவுதான். அதையும் துண்டு துண்டாகத்தான் செய்கிறோம். இங்கிலாந்தில் அம்பிள்சைடு என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சி நடத்திய சார்லட் மேசன் என்ற அம்மாள், 1886இல் வீட்டுக்கல்வியைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர் கட்சி. கவனம் கலைந்த பிறகு உட்கார வைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது, கவனமில்லாமல் உட்காரும் பழக்கத்தை மட்டும்தான் என்பார். எங்கள் சின்னவனைப் பார்க்கிறபோது 20 நிமிடமே தாராளம் என்று தோன்றுகிறது.

சரி, டைம்டேபிள் இல்லையென்றால் திட்டம் எப்படி இருக்கும்? மாத மளிகைப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதியில் நாம் என்ன எழுதுகிறோம்? அரிசி 25 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, புளி ஒரு கிலோ. 23ஆம் தேதி மதியம் வத்தக்குழம்பு என்று யாராவது எழுதுகிறோமா? அன்றைக்கு வாழைத்தண்டு மலிவாகக் கிடைக்கலாம். யாருக்காவது வயிறு சரியில்லாமல் ரசஞ்சாதமே போதும் என்றாகலாம். ஆனால் வீட்டில் புளியும் பருப்பும் இருக்கின்றன, மாதம் ஓடிவிடும். வருடப் பாடத் திட்டமும் இப்படித்தான். எவையெல்லாம் வேண்டும், ஏறக்குறைய எவ்வளவு, எது முடிந்த பிறகு எது என்பது அதில் இருக்கும். எந்தத் தேதியில் எது என்பது இருக்காது. பள்ளிக்கூடத்துப் பேச்சில் சொன்னால், 'போர்ஷன்' தெரியும், பீரியட் கிடையாது.

பட்டியல் போடுவதற்கு முன்னால் பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு 52 வாரம். எங்கள் வீடு தாம்பரத்தில் இருக்கிறது, கத்திரி வெயிலில் கரண்டும் போய்விட்டால் யாருக்கும் மூளை வேலை செய்யாது. மே மாதத்தை அப்படியே எடுத்துவிடுகிறேன், 5 வாரம் போயிற்று. நவராத்திரி, தீபாவளி, பொங்கலுக்கு ஒவ்வொரு வாரம். ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணங்களுக்கும் 2. காய்ச்சல், இருமல், மழை, வீட்டுக்குள் தண்ணீர் என்று 3. பெயர் தெரியாத காரணங்களுக்கு 3. மிச்சம் 36.

இந்தக் கடைசி மூன்று வாரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அதுதான் உயிர். முதல் வருடம் நான் செய்த தப்பு பாடத்தில் இல்லை, இந்த வெற்று வாரங்களை வைக்காததில். ஜாடியில் மாங்காயை விளிம்பு வரை அடைத்தால் எண்ணெய்க்கு இடமிருக்காது என்று எந்தப் பாட்டியும் சொல்வாள்.

36 வாரத்தில் வாரத்துக்கு நான்கு நாள்தான் புத்தகம். ஐந்தாம் நாள் நூலகம், சந்தை, வங்கி, ரயில் நிலையம், எதுவானாலும் வெளியே. 144 நாள், நாளுக்கு 2 மணி, மொத்தம் 288 மணி. 800 எங்கே, 288 எங்கே என்று ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த 80 வினாடியை நினைத்துக்கொண்டு மேலே போவோம்.

இனி, என்னென்ன பாடம்? இங்கே நான் பாடங்களை இரண்டாகப் பிரிக்கிறேன். வாசிப்பும் கணக்கும் தினமும் உண்டு, சோறும் தண்ணீரும் மாதிரி. ஒரு வாரம் விட்டால் கை மறந்துவிடும். அறிவியல், வரலாறு, ஓவியம், தையல், பாட்டு, வரைபடம் பார்ப்பது ஆகியவற்றுக்குக் கிழமை கிடையாது. அவற்றைப் பல்லாங்குழி மாதிரி ஆடுகிறோம். பல்லாங்குழியில் கையிலிருக்கும் முத்தைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவோம், தீர்ந்ததும் அடுத்த குழியில் அள்ளிக்கொண்டு ஆட்டம் தொடரும். செவ்வாய்க்கிழமை அறிவியல் என்று எழுதி வைத்தால், செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே விருந்தாளி வந்து, மாதம் முழுக்க அறிவியலே நடக்காது. வரிசை மட்டும் வைத்துக்கொண்டால், நேற்று வரலாற்றில் நிறுத்தினோம், இன்றைக்கு ஓவியம். இடையில் நான்கு நாள் விட்டுப்போனாலும் அடுத்தது ஓவியம்தான். பாக்கி என்ற வார்த்தைக்கே இங்கே வேலையில்லை.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரட்டை வேலையாயிற்றே என்பார்கள். கணக்கும் மொழியும் தனித்தனியாகத்தான் வேண்டும். மற்றதெல்லாம் ஒரே குழம்பு. பெரியவளுக்கு அப்படியே ஊற்றுகிறோம், சின்னவனுக்கு நெய் விட்டுக் காரம் குறைக்கிறோம். சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி இரண்டு பேருக்கும் சேர்த்தே படித்துக் காட்டுவேன். கேட்டு முடித்ததும் சின்னவன் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், பெரியவள் அரைப் பக்கம் எழுத வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைப்பதும் மேசன் அம்மாளிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். கேள்வித்தாள் நாம் கேட்டதற்கு மட்டும் பதில் வாங்கித் தரும். திருப்பிச் சொல்லும்போது பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டது, எதைத் தவறவிட்டது என்று மொத்தமும் தெரிந்துவிடும். மதகைப் பற்றி நான் விளக்கோ விளக்கென்று விளக்க, சின்னவன் மனதில் நின்றது ஏரிக்கரையில் மேய்ந்த எருமை மட்டும். அன்றைக்குப் பாடம் எருமையோடு போயிற்று.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனிச் சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வரிசையை யார் தீர்மானிப்பது? கணக்குக்குப் பாடப்புத்தகம் தீர்மானிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவியலுக்கு என்னைக் கேட்டால், வானம் தீர்மானிக்கட்டும். புத்தகத்தில் மழை மூன்றாவது பாடமாக இருந்தால் அது பெரும்பாலும் வெயில் கொளுத்தும் ஜூலையில் வந்து நிற்கும். சென்னைப் பக்கம் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆகவே மழைப் பாடம் ஐப்பசியில். பக்கவாட்டு நேராக உள்ள ஒரு பாட்டில், ஒரு ஸ்கேல், மொட்டை மாடி. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர். எங்கள் மாடி ஏறக்குறைய 100 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்த அன்று பெரியவள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஆயிரம் லிட்டரா? நம்ம டேங்கே அவ்வளவுதானேம்மா!" என்று கத்தினாள். அது அறிவியலா, கணக்கா என்று எந்தக் கட்டத்தில் போடுவது?

இப்படி ஒவ்வொன்றுக்கும் அதன் காலம் உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கலில் பறவைகள். தை தொடங்கிப் பங்குனி தாண்டும் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இராத்திரி நெடுக நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர் கூட்டம் இங்கே பல வருடமாக இருக்கிறது. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று இரவு, முழு நிலாவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் திருவாதிரை, வானியல்காரர்கள் பெட்டல்ஜூஸ் என்பார்கள். களி கிண்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நாள்காட்டி எப்படி உண்டாயிற்று என்ற பாடமே திறந்துகொள்ளும். ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் பகல் 12 மணி 7 நிமிட வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு தடவை வரும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் உள்ள ஊர்களுக்கு மட்டும் கிடைப்பது இது, டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இவற்றை மட்டும் என் நோட்டில் மாதம் போட்டு எழுதுகிறேன். ஆமை நம் வசதிக்கு வராது.

பாடத்துக்குத் தேதி போடக் கூடாது என்று ஏன் இத்தனை பிடிவாதம் என்பதற்கு ஒரு கதை. போன வருடக் கணக்குப் புத்தகத்தை 36 வாரத்தால் வகுத்தால் பாடத்துக்கு இரண்டு வாரம் என்று வந்தது. வடிவங்கள் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. பின்னம் ஐந்து வாரம் எடுத்தது. பின்னம் அவளுக்குப் புரியாமல் இல்லை, அதில் போய் மாட்டிக்கொண்டாள்.

தொடங்கியது என் மாமியாரால். "அரைக்கால் படி உளுந்து போடு" என்றார். அரைக்கால் என்றால் என்ன என்று பெரியவள் கேட்டாள். காலில் அரை. 1/4இல் பாதி 1/8. அந்தச் சொல்லே ஒரு பெருக்கல் கணக்கு! அவளுக்குப் பிடித்துக்கொண்டது. முக்கால் என்றால் மூன்று கால், சரி. மாகாணி என்றால் 1/16 என்றார் மாமியார். இது எப்படி வந்தது? எண்சுவடிக் கணக்கில் மா என்பது 1/20, காணி என்பது 1/80. பெருக்கிப் பார்த்தாள், 1/16 வரவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கூட்டிப் பார்த்திருக்கிறாள். 1/20 என்பது 4/80. அதோடு 1/80. மொத்தம் 5/80, அதாவது 1/16. அரைக்கால் பெருக்குகிறது, மாகாணி கூட்டுகிறது. வேறு வேறு கீழெண் உள்ள பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று நான் அதுவரை அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. புத்தகத்தில் அது பின்னால் வருகிறது. சுவரில் அந்தப் பழைய சார்ட் தொங்கியிருந்தால் இரண்டாம் வாரக் கடைசியில் "பின்னம் முடிஞ்சுது, அடுத்த பாடம் எடு" என்று சொல்லியிருப்பேன். சொல்லித் தொலைத்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

வரிசையோடு இன்னொன்றும் திட்டத்தில் வேண்டும்: திரும்பி வருவது. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் ஒருவர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் புத்தகமாகப் போட்டார். படித்ததில் பெரும்பகுதி முதலில் சடசடவென்று போய்விடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது. ஒரே நாளில் பத்துத் தடவை படிப்பதைவிட, பல நாளில் பரப்பிப் படித்தால் குறைந்த தடவையிலேயே நிற்கிறது. ஊறுகாய் ஜாடியை இரண்டு நாளுக்கொரு முறை கிளறிவிடுகிறோமே, அந்த மாதிரி. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கிளறிவிட்டு மாதக் கணக்கில் மூடி வைத்தால் மேலே பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஒரு பாடம் முடிந்ததும் நோட்டின் ஓரத்தில் மூன்று புள்ளி வைப்பேன். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், கேரட் நறுக்கும்போதே கேட்டுவிடலாம். புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டால் கோலம் மாதிரி அழகாகவும் இருக்கிறது.

இங்கே பக்கத்து ஃபிளாட்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்பார்கள்: இதெல்லாம் சட்டப்படி சரிதானா? கல்வி உரிமைச் சட்டத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு பிரிவு இருக்கிறது. செய்யாவிட்டால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. இந்தியாவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு இது.

பத்தாம் வகுப்பு வயது வந்துவிட்டால் மட்டும் நான் இதுவரை சொன்னது தலைகீழாகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள், 1989இலிருந்து இருக்கிறது. 14 வயது நிரம்பியவர்கள் பள்ளிக்குப் போகாமலே அதில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். வருடத்துக்கு இரண்டு தடவை தேர்வு உண்டு, ஏப்ரல் வாக்கில் ஒன்று, அக்டோபர் வாக்கில் ஒன்று. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடம் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். இங்கே தேர்வுக்குத் தேதி இருக்கிறது, அதை நாம் நகர்த்த முடியாது. ஆகவே முகூர்த்த நாளை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிற கல்யாண வீட்டு முறைதான் சரி. அக்டோபரில் இரண்டு பாடம் என்றால் செப்டம்பர் முழுக்கப் பழைய வினாத்தாள், ஆகஸ்டுக்குள் புத்தகம் முடிந்திருக்க வேண்டும், அப்படியானால் மார்ச்சில் தொடங்க வேண்டும். எங்கள் பெரியவளுக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. இப்போதே அந்த எண்ணலைத் தொடங்கச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கு நான் மைசூர்பாகு கொடுத்து வாயை அடைக்கிறேன்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு வருடத் திட்டத்துக்கு எத்தனை பக்கம் தேவைப்படும்? எனக்கு நான்கு பக்கம். ஒன்றில் வாரக் கணக்கு. ஒன்றில் பெரியவளின் கணக்கும் வாசிப்பும், வரிசையாக. ஒன்றில் சின்னவனுடையது. ஒன்றில் பல்லாங்குழிப் பாடங்களும் வானம் தீர்மானிக்கும் மாதங்களும். எல்லாம் பென்சிலில். மீதி 36 பக்கம் வெறுமையாக இருக்கும், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இராத்திரியும் அந்த வாரம் உண்மையில் என்ன நடந்தது என்று பேனாவில் எழுதுவேன். வரவு செலவு எழுதும் வீட்டில் பட்ஜெட் ஒரு தாள், அன்றாடச் செலவு ஒரு நோட்டு என்று இருக்குமே, அந்தப் பழக்கம்தான். "மதகு, எருமை" என்று ஒரு வாரம். "மாகாணி!!" என்று ஒரு வாரம், இரண்டு ஆச்சரியக்குறியோடு. "ஒன்றுமில்லை, எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ" என்று ஒரு வாரம். அடுத்த வருடத்துப் பென்சில் பக்கங்களை இந்தப் பேனாப் பக்கங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முதல் வருடம் எனக்கு இல்லாமல் போனது இதுதான்: எங்கள் வீட்டில் ஒரு வாரம் என்பது எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமலே அதை நிரப்பப் பார்த்தேன்.

போன வாரம் மாடி வீட்டு அக்கா வந்திருந்தார். மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். கையில் டைம்டேபிள் சார்ட் வாங்குவதற்கென்று எழுதிய ஸ்டேஷனரிச் சீட்டு. மேலே சொன்னதையெல்லாம் அவரிடம் சொல்லி முடித்தபோது டீ இரண்டு தடவை சுட வைத்தாயிற்று. அவர் அந்தச் சீட்டைத் திருப்பி, என்னிடம் பென்சில் வாங்கி, மேலே 52 என்று எழுதினார். கீழே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். மே, நவராத்திரி, தீபாவளி, பொங்கல். ஊர்த் திருவிழாவிடம் வந்ததும் நின்றார்.

"உனக்கு ரெண்டு வாரம் போதும்மா. எங்க ஊர்ல அம்மனுக்குப் பால்குடம், அப்புறம் தேர், அப்புறம் என் மாமனார் வீட்டுக் கிடா வெட்டு. மூணு இல்லாம முடியாது" என்று சொல்லிவிட்டு, அழுத்தி 3 என்று எழுதினார்.